காலரா தொடாத வாசல்

(இணைய நேரலையில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



கதையும் கவிதையும் பேசும் அரங்கில் ஒரு செவிலியர் செல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்து, அம்புக்குறி இழுத்து 'உட்கரு' என்று எழுதினோமே, அதே செல்தான். தேர்வு முடிந்ததும் பலரும் அதை மறந்திருப்போம். அந்த வட்டத்தின் கோடு உண்மையில் கோடு அல்ல, ஆயிரக்கணக்கான வாசல்கள் கொண்ட மதில். அதன் வழியே ஒவ்வொரு நொடியும் உப்பும் சர்க்கரையும் நீரும் போய் வந்துகொண்டிருக்கின்றன. அந்த வாசல்களில் ஒன்றை ஒரு பாக்டீரியா கைப்பற்றியதால் இருநூறு ஆண்டுகளாக மனிதர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அது தொடாமல் விட்ட இன்னொரு வாசலை நாம் கண்டுகொண்டதால் கோடிக்கணக்கானோர் பிழைத்தார்கள்.

நோயின் பெயர் காலரா. நம் ஊர்களில் வாந்திபேதி என்பார்கள். பிழைக்க வைத்த மருந்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். "அவ்வளவுதானா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். நோயாளிகளின் வீட்டாரும் அப்படித்தான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்வதுதான் இந்த உரையின் நோக்கம்.

முதலில் மதிலைப் பார்ப்போம். செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வு கொழுப்பால் ஆனது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன், கரியமில வாயு போன்றவை இதன் வழியே தாமாகவே போய்வரும். உப்பும் சர்க்கரையும் அப்படிப் போக முடியாது. எண்ணெய்ப் படலத்துக்குள் உப்பு கரையாதல்லவா? அவற்றுக்குத் தனி வாசல்கள் வேண்டும். அந்த வாசல்கள் புரதங்களால் ஆனவை. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வழக்கம் உண்டு. சில சோடியத்தை மட்டும் விடும், சில குளோரைடை மட்டும். சில எப்போதும் திறந்திருக்கும், சில உத்தரவு வந்தால்தான் திறக்கும்.

இவற்றில் ஒன்று வாசல் என்பதைவிட பம்ப் என்று சொல்லத் தகுந்தது. அது மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். இதற்குச் செல் தன் ஆற்றலைச் செலவழிக்கிறது. 1957-இல் டென்மார்க்கைச் சேர்ந்த யென்ஸ் ஸ்கூ நண்டின் நரம்புகளை ஆராய்ந்தபோது இதைக் கண்டறிந்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997-இல், அதற்காக நோபல் பரிசு பெற்றார். நாம் சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவிடும் ஆற்றலில் கணிசமான பகுதி இந்த பம்ப்புக்கே போகிறது. கிணற்று நீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி வைப்பது போன்ற வேலை இது. ஏற்றி வைத்துவிட்டால், பிறகு குழாயைத் திறந்தால் போதும். அதுபோல, பம்ப் ஓயாமல் சோடியத்தை வெளியேற்றுவதால் செல்லுக்குள் சோடியம் குறைவாகவும் வெளியே அதிகமாகவும் இருக்கிறது. வெளியே இருக்கும் சோடியம் உள்ளே வர எப்போதும் முண்டிக்கொண்டிருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

இப்போது சிறுகுடலுக்கு வருவோம். ஒரு நாளில் நம் குடலுக்குள் எட்டு, ஒன்பது லிட்டர் திரவம் இறங்குகிறது. நாம் குடிப்பதும் உண்பதும் அதில் இரண்டு லிட்டர் அளவுதான். மீதியெல்லாம் எச்சில், இரைப்பைச் சாறு, பித்தம், கணையநீர், குடலே சுரக்கும் நீர் என்று நம் உடம்பிலிருந்து வந்தவை. மலத்தோடு வெளியேறுவதோ ஒரு டம்ளர் அளவுகூட இல்லை. மற்ற அனைத்தையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. கடன் வாங்கி, அன்றன்றைக்கே திருப்பித் தரும் நாணயமான வியாபாரி போல.

இந்த வேலையைச் செய்வது குடலின் உள்சுவரில் ஒற்றை வரிசையாக நிற்கும் செல்கள். பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று தையல் போட்டதுபோல இறுகப் பிடித்திருக்கும். இடைவெளியில் கண்டதும் நுழைந்துவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு. எதை உள்ளே விடுவது, எதை வெளியே விடுவது என்பதைப் பெரும்பாலும் வாசல்களே முடிவுசெய்கின்றன. அவற்றில் இரண்டை மட்டும் இன்று அறிமுகப்படுத்துகிறேன்.

முதலாவது, குளோரைடு வெளியேறும் வாசல். உணவு வழுக்கிக்கொண்டு நகர வேண்டும், சாறுகள் கலக்க வேண்டும். அதற்கு ஈரம் தேவை. உத்தரவு வந்தால் இந்த வாசல் திறந்து குளோரைடு குடலுக்குள் இறங்கும். அதன் பின்னால் சோடியம் போகும், அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். தண்ணீருக்கென்று தனி உந்துவிசை கிடையாது. உப்பு எங்கே போகிறதோ அங்கே போவது அதன் இயல்பு. போதுமான ஈரம் வந்ததும் வாசல் மூடிக்கொள்ளும். பிறவியிலேயே இந்த வாசல் பழுதாகி இருப்பவர்களுக்கு நுரையீரலில் சளி கெட்டிப்பட்டு அடைத்துக்கொள்ளும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் அந்த நோயை, மேலை நாடுகளில் வாழும் நீங்கள் அதிகம் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

இரண்டாவது, சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து நுழையும் வாசல். இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் ஒன்றாக வந்தால்தான் இது ஒழுங்காக வேலை செய்யும். உள்ளே வர முண்டும் சோடியத்தின் வேகத்தில் குளுக்கோஸும் தொற்றிக்கொண்டு வந்துவிடும். இரண்டும் வந்தால் பின்னாலேயே தண்ணீரும் வரும். 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கருத்தரங்கில் அமெரிக்க உயிர்வேதியியலர் ராபர்ட் கிரேன் இந்த யோசனையை முன்வைத்தார். அப்போது அவர் காலராவுக்கு மருந்து தேடிக்கொண்டிருக்கவில்லை. சர்க்கரை எப்படிக் குடல் செல்லுக்குள் போகிறது என்பது மட்டுமே அவருடைய கேள்வி.

மதிலின் வாசல்கள் இப்படி. செல்லின் உள்ளே ஒரு தபால் துறையும் இருக்கிறது. செல் தயாரிக்கும் புரதங்கள் பலவும் எண்டோபிளாச வலை என்னும் இடத்தில் மடிக்கப்பட்டு, கோல்கை உறுப்பில் தரம் பிரிக்கப்பட்டு, சிறு சிறு கொழுப்புப் பைகளில் ஏற்றப்பட்டு, போக வேண்டிய இடத்துக்குப் போகின்றன. ஒவ்வொரு புரதத்திலும் முகவரி போல ஒரு குறி உண்டு. எண்டோபிளாச வலையிலேயே இருக்க வேண்டிய புரதம் தவறுதலாக வெளியே போய்விட்டால், அதன் வாலில் இருக்கும் நான்கு அமினோ அமிலக் குறியைப் பார்த்து கோல்கை அதைத் திருப்பி அனுப்பிவிடும். சரியாக மடியாத புரதம் என்றால், அதை வலையிலிருந்து வெளியே தள்ளி உடைத்துப்போடத் துப்புரவு ஏற்பாடும் இருக்கிறது. இந்தப் பைகளின் போக்குவரத்தைக் கண்டறிந்ததற்காக ராத்மன், ஷெக்மன், சுதோஃப் ஆகிய மூவருக்கு 2013-இல் நோபல் பரிசு தரப்பட்டது.

இவ்வளவு ஒழுங்கான ஒரு ஊருக்குள்தான் காலரா வருகிறது.

விப்ரியோ காலரே என்னும் அந்த பாக்டீரியா பார்வைக்குக் காற்புள்ளி மாதிரி வளைந்திருக்கும். பின்னால் ஒரு வால். வங்காளக் கழிமுகம் போன்ற உப்புத்தண்ணீரும் நல்ல தண்ணீரும் கலக்கும் இடங்களில், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளோடு ஒட்டிக்கொண்டு வாழும். மனிதக் குடலுக்குள் வந்தாலும் அது செல்களைத் துளைப்பதில்லை, தின்பதில்லை, சுவரைக் கடந்து ரத்தத்துக்குள் போவதும் இல்லை. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நச்சை வெளியிடும். வேலை முழுவதையும் அந்த நச்சே பார்த்துக்கொள்ளும்.

நச்சு ஆறு துண்டுகளால் ஆனது. ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்து கைப்பிடி போல இருக்கும். ஆறாவது, நடுவில் அமர்ந்திருக்கும் ஆயுதம். குடல் செல்லின் வெளிப்புறத்தில் ஜிஎம்1 என்னும் ஒரு கொழுப்பு-சர்க்கரை மூலக்கூறு உண்டு. செல் தன் வேலைக்காக வைத்திருப்பது அது. வளையம் அதைப் பற்றிக்கொள்கிறது. செல் வழக்கம்போலத் தன் சவ்வின் ஒரு பகுதியை உள்ளே மடித்து இழுக்கும்போது, நச்சும் கூடவே உள்ளே போகிறது. இது மதிலை உடைத்துக்கொண்டு வந்த திருடன் அல்ல. வீட்டுக்காரரே கதவைத் திறந்து உள்ளே அழைத்திருக்கிறார்.

உள்ளே வந்த பிறகு தபால் துறையை அது பயன்படுத்தும் விதம்தான் என்னை எப்போதும் அதிரவைக்கும். ஆயுதத் துண்டின் வாலில் அந்த நான்கு அமினோ அமிலக் குறி இருக்கிறது. 'நான் எண்டோபிளாச வலையைச் சேர்ந்தவன்' என்று சொல்லும் அதே குறி. செல்லின் பைகளில் ஏறி, பின்னோக்கிய பாதையில் நச்சு எண்டோபிளாச வலைக்கே போய்ச் சேர்கிறது. அங்கே ஆயுதத் துண்டு பிரிந்து, மடிப்பு அவிழ்ந்து, 'நான் சரியாக மடியாத புரதம்' என்று வேடம் போடுகிறது. துப்புரவு ஏற்பாடு அதை வெளியே தள்ளுகிறது. உடைக்கப்பட வேண்டிய பொருள் என்று முத்திரை குத்துவதற்கு லைசின் என்ற அமினோ அமிலம் வேண்டும். இந்த நச்சுத் துண்டில் லைசின் மிகக் குறைவு. முத்திரை விழாததால் அது அழிக்கப்படாமல் தப்பி, மறுபடி மடிந்து, செல்லின் நடுக்கூடத்தில் சுதந்திரமாக நிற்கிறது.

அதற்குப் பிறகு அது செய்வது ஒரே ஒரு வேலை. செல்லுக்குள் ஜி புரதம் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. வெளியிலிருந்து சேதி வந்தால் அது 'ஆன்' ஆகும். சிறிது நேரத்தில் தானே 'ஆஃப்' ஆகிவிடும். காலரா நச்சு அந்தச் சுவிட்சில் ஒரு சிறு வேதிப்பொருளை ஒட்டிவிடுகிறது. சுவிட்ச் 'ஆன்' நிலையிலேயே இறுகிவிடுகிறது. சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை சைக்ளிக் ஏஎம்பி என்னும் தூதுப்பொருள் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். குளோரைடு வாசலுக்கு அது கொண்டுபோகும் உத்தரவு 'திற' என்பதுதான். மூடச் சொல்ல ஆள் இல்லை.

குளோரைடு கொட்டுகிறது. சோடியம் பின்தொடர்கிறது. தண்ணீர் பின்தொடர்கிறது. நோய் முற்றிய நிலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்வரைகூட வெளியேறலாம். மலம் என்று சொல்லவே முடியாது, அரிசி கழுவிய தண்ணீர் போல இருக்கும். கண் குழிந்து, தோல் சுருங்கி, குரல் கம்மி, நாடி அடங்கி, காலையில் நடமாடியவர் மாலைக்குள் இறந்துபோவது இப்படித்தான். சிகிச்சை கிடைக்காத கடுமையான காலராவில் பாதிப் பேர்வரை இறந்துவிடுவார்கள்.

பாக்டீரியாவுக்கு இதனால் என்ன லாபம்? அந்த வெள்ளம்தான் அதன் வாகனம். ஒரு குடலிலிருந்து குளத்துக்கும் கிணற்றுக்கும், அங்கிருந்து அடுத்தவர் குடலுக்கும் அது அதில்தான் பயணம் போகிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த நச்சைத் தயாரிக்கும் மரபணுவே பாக்டீரியாவின் சொந்தச் சொத்து அல்ல. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து கொடுத்தது என்று 1996-இல் வால்டரும் மெகலனோஸும் கண்டறிந்தார்கள். அந்த வைரஸ் ஏறாத விப்ரியோவால் காலராக் கொள்ளைநோயை உண்டாக்க முடியாது.

காலரா மட்டும் இப்படிச் செய்வதில்லை. டெட்டனஸ் நச்சு நரம்பு முனையில் நுழைந்து, நரம்பின் சொந்தத் தண்டவாளத்தில் ஏறி முதுகுத்தண்டுக்குப் போகிறது. அங்கே தூதுப்பைகள் சவ்வோடு இணைவதற்கு உதவும் ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. தசைகளைத் தளரச் சொல்லும் சேதி போகாமல் நின்றுவிடுவதால் தாடை பூட்டிக்கொள்கிறது. லிஸ்டீரியா என்னும் பாக்டீரியா செல்லின் எலும்புக்கூட்டுப் புரதங்களையே பின்னால் வால்போலக் கட்டிக்கொண்டு, ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்குத் தள்ளிக்கொண்டு போகிறது. கர்ப்பிணிகளிடம் பச்சைப்பால் பாலாடைக்கட்டி வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது இதற்குப் பயந்துதான். செல்லின் அன்றாடப் பழக்கங்களையே இவை எல்லாம் பயன்படுத்திக்கொள்கின்றன.

காலராவின் இந்தத் தந்திரத்தைப் புரிந்துகொள்ள மனிதகுலத்துக்கு வெகுகாலம் ஆயிற்று. 1817-இல் வங்காளத்திலிருந்து முதல் உலகப் பரவல் கிளம்பியது. 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ, பிராட் தெருவின் அடிகுழாய்த் தண்ணீரே நோயைப் பரப்புகிறது என்று காட்டினார். அதே ஆண்டு ஃபிளாரன்ஸில் பிலிப்போ பாச்சினி கிருமியை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டார். யாரும் பொருட்படுத்தவில்லை. 1884-இல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் அதை உறுதிசெய்தார். ஏதோ ஒரு நச்சு இருக்க வேண்டும் என்றும் ஊகித்தார். அந்த நச்சைத் தேடியவர்களுக்கு நீண்ட காலம் விடை கிடைக்கவில்லை.

கண்டுபிடித்தவர் கல்கத்தாவின் சம்புநாத் தே. நோய் குடலில் நடக்கிறது என்றால் சோதனையும் குடலில்தானே நடக்க வேண்டும்? முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு பக்கமும் கட்டி, அதற்குள் கிருமிகளைச் செலுத்தினார். மறுநாள் அந்தப் பகுதி நீர் கோத்து பலூன் போல உப்பியிருந்தது. 1953-இல் இதை வெளியிட்டார். 1959-இல் கிருமிகளை வடிகட்டி நீக்கிவிட்டு, அவை வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தியும் அதே விளைவைக் காட்டினார். கிருமியே இல்லாமல் காலரா! நச்சு ஒன்று உண்டு என்பதற்கு அதற்குமேல் சான்று வேண்டியதில்லை. நேச்சர் இதழில் வந்த அந்தச் சிறிய கட்டுரையின் அருமை பல ஆண்டுகள் கழித்தே உலகுக்குப் புரிந்தது. 1985-இல் அவர் மறைந்தார். இந்தப் பெயரை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கையும் தகர வேண்டியிருந்தது. காலராவில் குடலின் உள்தோல் உரிந்து போய்விடுகிறது என்றே பலரும் நினைத்தார்கள். உரிந்த குடல் எதை உறிஞ்சும்? ஆகவே வாய்வழியாக ஒன்றும் கொடுக்காதே, குடலுக்கு ஓய்வு கொடு என்றார்கள். பாங்காக்கில் நோயாளிகளின் குடலிலிருந்து திசு எடுத்து கங்கரோசா குழுவினர் செய்த ஆய்வு 1960-இல் வெளியானது. உள்தோல் சிதையாமல் இருந்தது. அதாவது செல்கள் உயிரோடு இருக்கின்றன. ஒரு வாசல் திறந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற வாசல்கள்?

இங்கேதான் கிரேன் கண்ட வாசல் வருகிறது. காலரா நச்சு குளோரைடு வாசலைத் திறந்துவிடுகிறது. சாதாரண உப்பு உறிஞ்சப்படும் ஒரு வழியையும் தடுத்துவிடுகிறது. அதனால்தான் வெறும் உப்புத் தண்ணீர் குடித்தால் பலனில்லை. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து நுழையும் வாசலை மட்டும் அது தொடுவதில்லை. நோய் உச்சத்தில் இருக்கும்போதும் அந்த வாசல் வேலை செய்துகொண்டே இருக்கிறது. உப்பையும் குளுக்கோஸையும் சரியான விகிதத்தில் தண்ணீரில் கலந்து கொடுத்தால், ஒரு பக்கம் கொட்டினாலும் மறுபக்கம் உள்ளே போகும். கொட்டுவது உடனே நிற்காது. ஆனால் ஆள் காய்ந்து சாகமாட்டார். குடலின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. நச்சு பிடித்த செல்கள் உதிரும்வரை உயிரைத் தாங்கிப் பிடித்தால் போதும், உடல் தானே மீண்டுவிடும்.

இதற்கு முன்பே 1953-இல் கல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழி கொடுத்து 186 நோயாளிகளைக் குணமாக்கியதாக லான்செட் இதழில் எழுதியிருந்தார். அது ஏன் பலிக்கிறது என்று சொல்ல அன்று அறிவியல் இல்லை. உலகம் கண்டுகொள்ளவில்லை. 1962-இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ், குளுக்கோஸ் சேர்த்தால் உறிஞ்சல் நடக்கிறது என்று பார்த்தார். ஆனால் அவருடைய கலவையின் செறிவு சரியாக அமையவில்லை. அடுத்த சோதனையில் சிலர் இறந்தார்கள். அந்த முயற்சி நின்றது. 1968-இல் டாக்காவில் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் ஓர் எளிய ஒழுங்கைக் கடைப்பிடித்தார்கள். எவ்வளவு வெளியேறுகிறதோ அதை அளந்து, அதற்கு ஈடாக வாய்வழி கொடு. நரம்பு வழியே ஏற்ற வேண்டிய திரவத்தின் தேவை ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தது.

ஆனால் அது ஆய்வுக்கூட மருத்துவமனை. உண்மையான பரீட்சை 1971-இல் வந்தது. வங்கதேச விடுதலைப் போரில் இந்தியாவுக்குள் ஓடிவந்த அகதிகள் எல்லை ஊரான பன்காவில் லட்சக்கணக்கில் குவிந்திருந்தார்கள். மழை, சேறு, காலரா. டாக்டர் திலீப் மகலனாபிஸ் அங்கே போனபோது இரண்டு அறைகளின் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பு வழி ஏற்றும் திரவம் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றத் தெரிந்தவர்களும் குறைவு. அவர் ஒரு முடிவெடுத்தார். லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் பொட்டலங்களாகக் கட்டி, முகாமில் பீப்பாய்களில் கரைத்து, நோயாளிகளின் அம்மாக்களிடமும் அண்ணன் தம்பிகளிடமும் கொடுத்து, குடிக்கவைக்கச் சொன்னார். முகாமில் 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது.

அந்த முகாமில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாக்களை, செவிலியராக நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். படிக்காதவர்கள், வீடிழந்தவர்கள், ஊசி பிடித்தறியாதவர்கள். ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டத் தெரிந்தவர்கள். மருத்துவமனை செய்ய முடியாததை அவர்கள் கைகள் செய்தன. 1978-இல் லான்செட் இதழின் தலையங்கம், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றம் என்று சொல்லத்தக்கது இது என்றது. 1980-களில் வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் பெண் பணியாளர்களை வீடு வீடாக அனுப்பியது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு இதைச் சொல்லித்தந்தார்கள். சொல்லித்தந்ததற்குக் கூலி கிடையாது. பிறகு போய் விசாரிக்கும்போது அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் கூலி. எந்த ஆசிரியப் பணிக்கும் இதைவிட நல்ல அளவுகோல் இருக்குமா என்று தெரியவில்லை.

நம் வேலூருக்கும் இதில் பங்கு உண்டு. குளுக்கோஸ் கரைசல் உயிரைக் காத்தாலும் போக்கின் அளவைக் குறைப்பதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்துப் பார்த்தார்கள். அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகும். அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக்கும். அவை பெருங்குடலில் சோடியம் உறிஞ்சப்படும் இன்னொரு வழியைத் தூண்டும். காலரா நோயாளிகளிடம் போக்கின் அளவும் நாட்களும் குறைந்தன. 2000-இல் அந்த ஆய்வு வெளியானது. ஒரு பாக்டீரியா செய்த கேட்டை ஈடுகட்ட, குடலில் குடியிருக்கும் மற்ற பாக்டீரியாக்களின் உதவியைக் கேட்ட சிகிச்சை இது. நம் பாட்டிமார் பேதிக்கு உப்புப் போட்டுக் கஞ்சித் தண்ணீர் கொடுத்ததிலும் ஒரு நியாயம் இருந்தது. கஞ்சியின் மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸாகிறது. கூடவே உப்பும் இருக்கிறது. வாசலுக்குத் தேவையான இரண்டும் அதில் உண்டு.

இனி, "அவ்வளவுதானா?" என்ற கேள்விக்கு வருகிறேன். என் பணியில் நான் அதிகம் கேட்ட வேண்டுகோள், "சிஸ்டர், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்களேன்" என்பது. ஊசியும் பாட்டிலும்தான் வைத்தியம், குடிக்கக் கொடுப்பது ஏமாற்று என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக ஊறிக்கிடக்கிறது. குடிக்க முடிகிற ஒருவருக்கு, குடலின் வாசலே சிறந்த ஊசித்துளை. அந்த வாசலில் சீழ் பிடிக்காது, நரம்பு வீங்காது, நள்ளிரவில் ஆள் தேட வேண்டியதில்லை.

நாம் வாழும் நாடுகள் பலவற்றில் காலரா இல்லை. கழிவுநீரும் குடிநீரும் கலக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருப்பதால் இல்லை. அந்த ஏற்பாடு சிதைந்த இடத்தில் அது உடனே திரும்பி வரும். 2010-இல் நிலநடுக்கத்துக்குப் பின் ஹெய்ட்டியிலும், 2016 முதல் போரில் சிக்கிய ஏமனிலும் வந்தது. காலரா என்றில்லை, எல்லாவகை வயிற்றுப்போக்கும் சேர்ந்து இன்றும் ஆண்டுக்கு ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைக் கொல்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் உங்கள் பிள்ளைகளுக்கும் பேதி வரும். அப்போது செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன்.

மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்று கேளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று உறையில் இருக்கிறதா எனப் பாருங்கள். 2002 முதல் நடப்பில் உள்ள அளவில் சோடியமும் குளுக்கோஸும் லிட்டருக்குச் சமமாக, 75 மில்லிமோல் வீதம் இருக்கும். ஒரு முழு உறையை அதில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் ஒரேயடியாகக் கரையுங்கள், பாதிப் பாதியாக வேண்டாம். உறை கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பும் போதும். ருசிக்காகச் சர்க்கரையைக் கூட்டாதீர்கள். அதிகச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். பாட்டில் குளிர்பானங்கள் ஆகாது என்பதும் இதனால்தான். உப்பைக் கூட்டினால் குழந்தைக்கு ஆபத்து.

வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி தொடங்குங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தால், போக்கு நின்ற பிறகும் சொன்ன நாள்வரை கொடுங்கள். கண் குழிந்துபோனால், தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினால், சிறுநீர் நின்றுபோனால், மயக்கமாகக் கிடந்தால், குடிக்கவே முடியாமல் போனால், மலத்தில் ரத்தம் வந்தால், வீட்டில் வைத்திருக்காதீர்கள். அப்போது மருத்துவமனைதான், பாட்டில்தான்.

கிரேன் சர்க்கரையைப் பற்றி யோசித்தார், தே முயலின் குடலைக் கட்டினார், மகலனாபிஸ் பீப்பாயில் கரைத்தார். இனி உங்கள் வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு என்றால், ஒரு டம்ளரையும் ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். அந்த வாசல் திறந்துதான் இருக்கும்.